செல்லம்மாள் அத்தையின் மாத்திரை

மூன்று வருடமாகக் காவ்யா இந்த நாளுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

விசைத்தறிக் கூடத்துக்குள் நுழைந்த செல்லம்மாள் அத்தையின் நெற்றியில் பட்டையாகத் தைலம். கையில் வேலூர் டாக்டரின் சீட்டு. வலது கண்ணை மட்டும் சுருக்கிக்கொண்டிருந்தாள். ஒற்றைத் தலைவலி என்று பார்த்ததுமே காவ்யாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் படாத பாடா?

மூன்று வருடத்துக்கு முன்பு அதே டாக்டர்தான் காவ்யாவுக்கும் இரண்டு மாத்திரை எழுதியிருந்தார். ஒன்று வலி கிளம்பியதும் போட. இன்னொன்று வலி வராமல் தடுக்க, தினமும் இரவில் போட. அந்த இரவு மாத்திரையின் அட்டையைத் தூக்கிக்கொண்டு அத்தை மருந்துக்கடையில் போய் விசாரித்தாள். தலைவலிக்கும் கொடுப்பார்கள், மனச்சோர்வுக்கும் கொடுப்பார்கள் என்றார் கடைக்காரர். பாதிதான் அத்தை காதில் விழுந்தது. அன்றே கண்ணமங்கலத்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் பறந்தது: "பொண்ணு பைத்திய மாத்திரை சாப்ட்டுகினு கீது." நிச்சயதார்த்தம் நின்றது. கூடப் பிறந்த அண்ணன் மகளுக்குச் செய்கிற வேலையா இது? விளங்குவாளா அவள்?

ஆறு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. தறிக்காரர் வீடுகளில் ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரைத் தவிர யாருக்கும் கேட்காது என்ற தைரியம்.

அத்தை சீட்டை நீட்டி என்னவோ சொன்னாள்.

"கேக்கல அத்தை, சத்தமா சொல்லுங்க!" காவ்யா மெயின் சுவிட்சை ஒட்டி நின்றாள். அத்தையும் நெருங்கி வந்து குரலை ஏற்றினாள்.

"இன்னும் சத்தமா!"

தொண்டை நரம்பு புடைக்க அத்தை கத்த ஆரம்பித்ததும், காவ்யா சுவிட்சை இறக்கினாள்.

"...நீ சாப்புடற அதே மாத்திரைதாண்டி எனக்கும் எழுதிக்கீறாரு! வெளிய சொல்லிடாதடி!"

கூடம் முழுக்க அந்தக் குரல் மட்டும்தான் கேட்டது. தறியோட்டும் பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். எந்தச் சேதியையும் சாயங்காலத்துக்குள் ஆரணி முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிற பூங்காவனம், முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பாவு நூலை விட்டுவிட்டு எழுந்தே வந்துவிட்டாள்.

"இன்னாக்கா, உனக்குமா பைத்தியம்?"

"ஐயோ, வெறும் தலைவலி மாத்திரைடி அது! சத்தியமா!"

"அப்டியா அத்தை? இத மூணு வருசம் முன்னாடி கண்ணமங்கலத்துக்குச் சொல்லியிருக்கலாமே." காவ்யாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. "தெனமும் போடுங்க. டாக்டர் சொல்லாம நிறுத்திடாதீங்க."

பூங்காவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தை மேலும் ஏதோ விளக்க வாயெடுத்தாள்.

காவ்யா சுவிட்சை மேலே தள்ளினாள். ஆறு தறிகளும் ஒன்றாகக் கிளம்பின. அத்தையின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.