எந்தக் கார்டு வேண்டும்

கணவர் வரதராஜுலு இறந்த மறுமாதமே ஜெயலட்சுமி அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஒரகடத்தில் வாலாஜாபாத் போகிற சாலையோரம் கடை. சுற்றியுள்ள கம்பெனிகளுக்கு சேஃப்டி ஷூ, ஹெல்மெட், கையுறை எல்லாம் சப்ளை. விற்றுவிடு என்று சொல்லவும் ஆளில்லை, நடத்து என்று சொல்லவும் ஆளில்லை. பிள்ளைகள் கிடையாது. மூன்று வருடத்தில் வியாபாரத்தை இரண்டு மடங்காக்கிவிட்டாள்.

ஆனால் பேச்சுத்துணை போய்விட்டது. குடோனில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் ஆட்கள் அவள் உள்ளே வந்தால் பெட்டிகளை அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். போனில் கூப்பிடுகிறவர்கள் சைஸைச் சொல்லி, டெலிவரி என்றைக்கு என்று கேட்டு வைத்துவிடுவார்கள். சாயங்காலம் குன்றத்தூர் வீட்டுக்குப் போய் டிவியைப் போட்டு, அதில் யாரோ பேசுவதைக் கேட்டபடி சாப்பிடுவாள்.

கிரெடிட் கார்டு விஷயத்தை ஆரம்பித்தது ஆடிட்டர் ஜெபகுமார்.

"ஷூ கம்பெனிக்கு மட்டும் மாசம் இவ்ளோ கட்றீங்க. அவங்க கார்டு எடுத்துக்கறாங்க இல்ல? பிசினஸ் கார்டு ஒண்ணு வாங்குங்கம்மா. பணம் கட்ட டைம் கெடைக்கும், செலவு பண்ணதுக்கு எதாச்சும் திரும்பியும் வரும்."

ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் தன் வங்கிக்குப் போன் செய்தாள். அடுத்த புதன்கிழமை மத்தியானம், லாரிப் புழுதி படிந்த ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினாள். இருபத்தைந்து வயதிருக்கும். பெயர் செல்வலட்சுமி. சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். பென்னலூரில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள்.

"மூணு கார்டு இருக்கு மேடம்" என்று மேசையில் காகிதங்களைப் பரப்பினாள். "இது ஃப்ளைட்ல போறவங்களுக்கு. செலவு பண்ணப் பண்ண பாயிண்ட் ஏறும், அதை டிக்கெட்டா மாத்திக்கலாம். ஏர்போர்ட் லவுஞ்ச்ல ரெண்டு பேர் ஃப்ரீயா உக்காரலாம். ஆனா வருஷக் கட்டணம் அதிகம். இது டீசலுக்கு, வண்டி நிறைய வச்சிருக்கவங்களுக்கு. இது கேஷ்பேக். பாயிண்ட், கீயிண்ட் ஒண்ணும் கிடையாது. வாங்குற சரக்குக்கு ஒரு சதவீதம் அடுத்த மாசம் பில்லுலயே கழிஞ்சிரும்."

"ஜிஎஸ்டி கட்டுனா?"

"மூணுலயும் ஒண்ணும் வராது மேடம். மத்தவங்க இதைச் சொல்ல மாட்டாங்க, நான் சொல்லிடுறேன்."

காபி ஆறுவதற்குள் ஜெயலட்சுமிக்கு விளங்கிவிட்டது. அவள் விமானத்தில் ஏறியது ஒரே ஒரு தடவை. கடைக்கு இருப்பது சரக்கு ஏற்றும் ஒரே ஒரு சின்ன யானை வண்டி. கேஷ்பேக் கார்டுதான் தோது. அதைச் சொல்லக் காகிதத்தை எடுத்தாள். அதற்குள் செல்வலட்சுமி காபியை உறிஞ்சிவிட்டு, "எங்க ஹாஸ்டல்ல காபின்னு ஒண்ணு குடுப்பாங்க மேடம், அதுல பல்லு வெளக்கலாம்" என்றாள். ஜெயலட்சுமி சிரித்துவிட்டாள். தன் சிரிப்புச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

"யோசிச்சு சொல்றேன்மா" என்றாள். "அடுத்த வாரம் வா. அந்த ஃப்ளைட் கார்டு பத்தி இன்னும் கொஞ்சம் கேக்கணும்."

அடுத்த புதன்கிழமை செல்வலட்சுமி பாயிண்ட் கணக்கை விளக்கினாள். அதற்கடுத்த வாரம் வருடக் கட்டணத்தை எப்படித் தள்ளுபடி செய்வார்கள் என்று விளக்கினாள். பிறகொரு வாரம் வேறு வங்கிகளின் கார்டுகளோடு ஒப்பிட்டு ஒரு அட்டவணையே போட்டுக்கொண்டு வந்தாள். ஜெயலட்சுமி செவ்வாய்க்கிழமை ராத்திரியே கேள்விகளை யோசித்து வைப்பாள். கூடவே புதன்கிழமை காலையில் இரண்டு பேருக்குச் சமைத்து எடுத்துவரத் தொடங்கினாள்.

கார்டைப் பற்றிய பேச்சு முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் செல்வலட்சுமி ஊர்ப் பேச்சுக்கு மாறிவிடுவாள். மேடம் போய் அக்கா வந்துவிட்டது.

"ஹாஸ்டல்ல எங்க ரூம்ல ஆறு பேருக்கா. எல்லாம் போன் கம்பெனி லைன்ல வேலை பாக்க பிள்ளைக. ஒருத்தி ஷிப்ட் முடிஞ்சு வருவா, ஒருத்தி ஷிப்ட்டுக்குப் போவா. ஒரு மாசமா பக்கத்துக் கட்டில்ல இருக்கவ மூஞ்சியை நான் முழிச்சிருக்கப்ப பாத்ததே இல்ல, பாத்துக்கிடுங்க."

"அய்ய, அப்ப யார்கிட்டதான் பேசிக்கினு இருப்ப?"

"எங்க பேச? கஸ்டமர்கிட்ட பேசுதேன்லா நாள் பூரா. அது போதும்."

ஒருநாள் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "எந்தக் கார்டா இருந்தாலும் கூட ஒரு கார்டு ஃப்ரீக்கா. வீட்டுல வேற யாருக்காவது. யார் பேரு போட?"

ஜெயலட்சுமி சாம்பாரைக் கிளறினாள். "யார் பேரு இருக்குது போட? அத்த வுட்டுடு."

செல்வலட்சுமி அந்தக் கட்டத்தில் கோடு போட்டாள். பிறகு தானாகவே தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கக்கா" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை அவள் தாமதமாக வந்தாள். சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள். ஜெயலட்சுமி சரக்கு இறக்குகிறவர்களைப் பார்க்க வெளியே போனபோது செல்வலட்சுமியின் போன் அடித்தது. அவள் கடை ஓரமாகப் போய் நின்று பேசினாள். அந்தப் பக்கம் பேசிய மேலதிகாரியின் குரல் அட்டைப்பெட்டிகளுக்கு இந்தப் பக்கம் நின்ற ஜெயலட்சுமிக்கும் கேட்டது.

"இன்னும் அந்த ஷூ கடையிலதான் உக்காந்திருக்கியா? ஒரு மாசமாச்சு. அந்த லேடி டைம்பாஸ் பண்ணுது. உனக்குப் புரியலையா?"

"இல்ல சார். அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல. நல்லா விசாரிச்சுதான் எதையும் வாங்குவாங்க. கண்டிப்பா எடுப்பாங்க சார்."

"டார்கெட்ல பாதிகூட வரல நீ. இன்சென்டிவ் போச்சு. அடுத்த மாசமும் இப்படின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது, சொல்லிட்டேன்."

ஜெயலட்சுமி பெட்டிகளுக்குப் பின்னால் அப்படியே நின்றாள். ஆட்கள் ஏதோ கேட்டார்கள், அவள் காதில் விழவில்லை. உள்ளே வந்ததும் பேனாவை எடுத்தாள்.

"அந்த கேஷ்பேக் ஃபாரத்த எடுமா. கையெழுத்து போடறேன்."

செல்வலட்சுமியின் முகம் மலர்ந்தது. "முடிவு பண்ணிட்டியளாக்கா? நான்தான் சொன்னேன்லா, உங்களுக்கு இதுதான் சரியா வரும்."

கையெழுத்தெல்லாம் போட்டு முடித்தபின் ஜெயலட்சுமி பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் தனக்காகப் போனில் வாதாடியதைக் கேட்ட பிறகு மறைக்க மனம் வரவில்லை.

"செல்வி, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். இதான் வேணும்னு எனக்கு மொத நாளே தெரியும்."

"புரியலக்கா."

"நீ வந்துகினு இருந்தா நல்லா இருந்துச்சு. கார்டு வாங்கிட்டா அப்புறம் இன்னாத்துக்கு வருவே? அதான் இழுத்துக்கினே வந்தேன். உன் வேலைக்கு இது கஷ்டம்னு எனக்குத் தோணவே இல்லமா."

செல்வலட்சுமி காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"புதன்கிழமை மத்தியானம் ஃபுல்லா உங்களுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தேன்" என்றாள் மெதுவாக. "அந்த அட்டவணைக்கு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்தேன். எங்க அம்மைக்குப் பணம் அனுப்பல இந்த மாசம். சும்மா வான்னு சொல்லியிருந்தா சும்மாவே வந்திருப்பேனே."

"கோவிச்சுக்காத கண்ணு."

"கோவம் இல்ல மேடம். கார்டு ஒரு வாரத்துல கொரியர்ல வரும். ஏதாவது சந்தேகம்னா பின்னாடி இருக்க நம்பருக்குக் கூப்பிடுங்க."

ஸ்கூட்டர் போய்விட்டது. மேசைமேல் சாப்பாட்டு டப்பாக்கள் திறக்காமல் இருந்தன.

கார்டு சொன்னபடி வந்தது. அடுத்த மாத பில்லிலேயே ஒரு தொகை கழிந்திருந்தது. ஜெபகுமார் போனில், "பாத்தீங்களா, சும்மா வருது" என்றார். ஜெயலட்சுமி ஆமாம் என்றாள்.

செல்வலட்சுமியைக் கூப்பிடப் பலமுறை போனை எடுத்தாள். என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்டு அவள் இன்சென்டிவைத் திருப்பித் தர முடியுமா? கார்டு வந்த மறுவாரமே ஒருநாள் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு, பக்கத்தில் மரப்பெட்டி செய்கிற விஜய்யின் பட்டறைக்குள் போனாள். வரதராஜுலு காரியத்துக்குப் பிறகு அங்கே அவள் காலெடுத்து வைத்ததில்லை.

"இன்னாக்கா, அதிசயமா கீது!" என்று விஜய் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

கார்டைப் பற்றிச் சொன்னாள். எதற்கு வரும், எதற்கு வராது, கட்டணம் எவ்வளவு, யாருக்கு எது தோது என்று எல்லாம் சொன்னாள். ஒரு மாதம் கேட்டுத் தெரிந்துகொண்டது தடங்கலில்லாமல் வந்தது. "எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு கீது. பொய் பேசாது. அதும்மூலமா எடு" என்று நம்பர் கொடுத்தாள். அங்கிருந்து பெயின்ட் கடைக்குப் போனாள். மறுநாள் வல்லக்கோட்டை ரோட்டில் பஸ் விடுகிற வனமாமலையிடம் போய் டீசல் கார்டைப் பற்றிச் சொன்னாள். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்து, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டாள். ஜெயலட்சுமி மோரை வாங்கிக் குடித்தாள்.

அந்த மூன்று பேரும் கார்டு எடுத்தார்கள். செல்வலட்சுமியிடமிருந்து 'நன்றி' என்று ஒரு வார்த்தை வாட்ஸ்அப்பில் வந்தது. அவ்வளவுதான். அதை ஜெயலட்சுமி சாப்பிடும்போது ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை எடுத்துப் பார்த்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. செல்வலட்சுமி ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.

"ஓசூர் பிரான்ச்சுக்கு மாத்திட்டாங்க. சம்பளம் கொஞ்சம் கூட. நாளைக்கே போணும். சொல்லிட்டுப் போகலாம்னு."

"உக்காரு. ஒரு வாய் சாப்டு போ."

"நேரம் இல்லயே. ரூம் காலி பண்ணணும், வண்டியை லாரியில ஏத்தணும்." சற்று நின்றாள். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். நீங்க பிடிச்சுக் குடுத்த ஆளுகளாலதான் அந்த மாசம் தப்பிச்சேன்."

"நீ பேசுனதுல இன்னா தப்பு? பேச வேண்டியதத்தான் பேசுன."

ஜெயலட்சுமி எழுந்து அலமாரியைத் திறந்தாள். பச்சை சேஃப்டி ஜாக்கெட் ஒன்றை எடுத்தாள். வெளிச்சம் பட்டால் பளிச்சென்று தெரியும் வெள்ளிப் பட்டை போட்டது.

"இத்த போட்டுகினு ஓட்டு. ஓசூர் ரோடும் லாரி ரோடுதான்."

செல்வலட்சுமி அதை அங்கேயே மாட்டிக்கொண்டாள். அளவு பெரிதாக இருந்தது. ஜெயலட்சுமி பக்கப் பட்டைகளை இழுத்து ஒட்டிச் சரிசெய்தாள். அந்தச் சின்ன வேலையைக் கொஞ்சம் மெதுவாகவே செய்தாள்.

"போயிட்டு வாரேன்."

"ரீச் ஆனதும் போன் பண்ணு. கார்டு பத்தி இல்ல, சும்மா."

"சரி" என்று சிரித்தாள்.

ஸ்கூட்டர் சாலையில் ஏறியது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்தப் பச்சை கொஞ்சதூரம் தெரிந்தது. பிறகு ஒரு ஷிப்ட் பஸ் குறுக்கே வந்தது. அது நகர்ந்தபோது சாலையில் வேறு வண்டிகள்தான் இருந்தன. ஜெயலட்சுமி இன்னும் சற்று நேரம் வாசலிலேயே நின்றாள். உள்ளே கையுறை வாங்க வந்த ஆள் ஒருவன், "மேடம், கடையில யாரும் இல்லையா?" என்று கூப்பிட்டான்.

"இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.