செந்நாய்க்குள் இருந்த நேர்ச்சைக் கிடா

பாறைக்குளம் முத்துராணியின் நேர்ச்சைக் கிடாவை ஒரு செந்நாய் தின்றது. தின்ற மறுநாள் காலையிலிருந்து கிடா அந்த நாயின் வயிற்றுக்குள் இருந்தபடியே கத்தத் தொடங்கியது. அந்த வாரம் திசையன்விளைச் சந்தையில் முருங்கைக்காய் விலை சரிந்திருந்தது, கால்வாயில் தண்ணீர் திறந்துவிடவில்லை, ஊருக்கு வருகிற ஒரே மினிபஸ் பட்டறையில் கிடந்தது. டீக்கடையில் இதையெல்லாம் பேசி முடித்த பிறகுதான் கிடாவின் பேச்சு வந்தது. தின்னப்பட்ட ஆடு எப்படிக் கத்தும் என்று ஒருவரும் கேட்கவில்லை. யாருடைய ஆடு என்றுதான் கேட்டார்கள். ஆடு மேய்க்கிற ஊரில் அதுதான் முதல் கேள்வி. கரகரத்த குரலில் நீளமாக இழுத்து, கடைசியில் ஒரு விக்கலோடு முடிக்கிற கிடா அந்த மலையடிவாரத்திலேயே ஒன்றுதான் இருந்தது என்பதால் பதிலுக்கும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கிடா சுடலைமாடன் சாமிக்குப் பலியாக நேர்ந்துவிட்டது. முத்துராணியின் மகள் சுகன்யா பிளஸ் டூ படித்தபோது மூளைக்காய்ச்சல் வந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். முத்துராணியின் புருஷன் கேரளாவில் ரப்பர் வெட்டப் போயிருந்தான், ரயில் பிடித்து வந்துகொண்டிருந்தான். துணைக்கு ஆளில்லாத வராந்தாவில் நின்று, பிள்ளை எழுந்து நடந்தால் வீட்டில் நிற்கிற கருங்குட்டி உனக்குத்தான் என்று அவள் சாமியிடம் சொன்னாள். சுகன்யா எழுந்து உட்கார்ந்து முதலில் கேட்டது பரோட்டா. ஊருக்கு வந்ததும் குட்டியின் காது நுனியை வெட்டி அவிழ்த்துவிட்டார்கள். நேர்ந்துவிட்ட கிடாவைக் கட்டிப் போடக் கூடாது, அடைக்கவும் கூடாது. அது யார் கடலைக்காட்டில் மேய்ந்தாலும் விரட்ட மாட்டார்கள். மற்ற ஆடுகளையெல்லாம் முள்வேலிக்குள் அடைத்து மேலே வலையும் போட்டுவைத்த முத்துராணி, சாமி பொருளை அடைத்தால் குற்றமாகும் என்று கிடாவை மட்டும் வெளியே விட்டாள். செந்நாய்க்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. கோயில் திருவிழாவான கொடைக்கு ஒரு மாதம் இருக்கையில் வேலை முடிந்துவிட்டது.

செந்நாய்கள் முன்பெல்லாம் மலையை விட்டு இறங்கியதில்லை. மேலே மிளா மானை அடித்துத் தின்றுகொண்டு, தங்களுக்குள் சீட்டியடித்துப் பேசிக்கொண்டு, அவை பாட்டுக்கு இருந்தன. சில வருடங்களாகத்தான் அடிவாரத் தோப்புகளுக்குள் வரத் தொடங்கியிருந்தன. முத்துராணியின் கொழுந்தன் பேச்சிராஜ், அறுத்த வயலில் உரத்துக்காகக் கிடை போட்டிருந்த ஆடுகளில் பாதியை ஒரே விடியலில் பறிகொடுத்தவன். அவன் ஒரு நாய்கூட மிஞ்சக் கூடாது என்றான். வனவர் ஸ்வீட்லின், கடலோரத்து உவரிக்காரப் பெண், ஒரு நாயின் மேலும் கை வைக்கக் கூடாது என்றாள். அவை காட்டிலேயே கொஞ்சம்தான் மிச்சம், அவை போனால் மிளா பெருகி உங்கள் வாழையை மேய இறங்கும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னாள். எங்கள் ஊரில் ஓங்கல் மீன் வந்து வலையைக் கிழித்தால் வலையைத்தான் தைப்போம், மீனை வெட்ட மாட்டோம் என்றும் சொன்னாள். உங்க வலைக்கு உயிர் உண்டா மேடம் என்று பேச்சிராஜ் கேட்டான். இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். சிக்கலே அங்கேதான் இருந்தது.

கிடா போன ஆத்திரத்தில் முத்துராணி கொழுந்தன் பக்கம் சேர்ந்தாள். செத்த ஆடு ஒன்றில் பயிருக்குப் போடுகிற குருணை விஷ மருந்தைத் தடவித் தோப்போரம் போடுவது என்று முடிவானது. போட்டுவிட்டுத் திரும்புகையில் சாயங்காலமாகிவிட்டது. மேய்ச்சலுக்குப் போன ஆடுகளை அழைக்க அவள் வழக்கம்போல வாய் குவித்து, "ப்பா... ப்பப்பா..." என்று குரல் கொடுத்தாள். ஆடுகள் வந்தன. அவற்றின் பின்னால், சிவந்த உடம்பும் கருத்த வாலுமாக அந்தச் செந்நாயும் வந்தது. ஆடுகள் மிரளவில்லை. கரகரவென்று இழுத்து விக்கலோடு முடிகிற குரல் வயிற்றிலிருந்து வர, நாய் தன் கால்கள் தன்னை எங்கே கூட்டிப் போகின்றன என்று புரியாத முகத்தோடு தொழுவத்து வாசலில் வந்து படுத்துக்கொண்டது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"ஏலே பேச்சி, ஓடு! அந்த மருந்தை எடுத்துக் குழி தோண்டிப் பொதைச்சிட்டு வா."

"ஏன் மதினி? இப்பத்தான போட்டோம்?"

"இது வயித்துல இருக்கது சாமி பொருள்லா? நேர்ச்சைக்கு வெசம் வைக்கச் சொல்லுதியா? நாளைக்கு எம்பிள்ளைக்கு ஒண்ணுன்னா நீயா வந்து நிப்பே?"

பேச்சிராஜ் மண்வெட்டியை எடுத்தான். இப்படியாக, அரசாங்கம் பல வருடம் போர்டு வைத்தும் நடக்காத காரியம் ஒரு சாயங்காலத்தில் நடந்தது. பாறைக்குளத்தில் அதன்பின் எவரும் விஷம் வைக்கவில்லை. எந்த நாய்க்குள் எந்தச் சாமியின் ஆடு இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

நாய் பகலெல்லாம் மலையில் இருந்துவிட்டுப் பொழுது சாயும்போது முத்துராணியின் குரலுக்கு இறங்கி வந்தது. கூட்டத்து நாய்கள் தோப்புப் பக்கம் வந்தால், கிடா உள்ளிருந்து பயந்து கத்தும். கத்தலைக் கேட்டதும் ஊரே எழுந்து தகரம் தட்டும். நாய்கள் சலித்துப்போய் மறுபடி மிளாவைத் தேடி மலையேறின. பேச்சிராஜின் கிடையில் ஓர் ஆடும் குறையவில்லை. அவன் வெளியே திட்டிக்கொண்டே, சந்தையில் வாங்கிய கோழிக்குடலை நாய்க்குப் போட்டான். பார்த்துவிட்டவர்களிடம், கெட்டுப்போனதைத்தான் போடுதேன் என்றான்.

ஆனால் கொடை நாள் நெருங்கியது, முத்துராணிக்குத் தூக்கம் போனது. வேறு கிடா கொடுத்தால் செல்லாது, காது வெட்டி நேர்ந்தது நேர்ந்ததுதான். கொடுக்காவிட்டால் சாமி கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று அவள் உறுதியாக நம்பினாள். நர்சிங் படிக்கிற சுகன்யா லேசாகத் தும்மினாலும் ஓடிவந்து திருநீறு பூசிவிட்டாள்.

"யம்மா, எனக்குச் சரியானது மருந்துல. நாயை வெட்டணும்னா நான் காலேஜுக்கே போவலை, அது கூடவே காட்டுக்குள்ள போய் இருந்துக்கிடுதேன்," என்றாள் சுகன்யா.

"மருந்து யாரு குடுத்தா?"

"டாக்டரு."

"டாக்டருக்கு யாரு புத்தி குடுத்தா? வாயை மூடுட்டி."

கொடை நாளன்று நடுப்பகல் உச்சிக்கொடைக்கு மேளம் கேட்டதும் நாய் தானாகவே வந்து பீடத்தின் முன்னால் நின்றது. ஊருக்கு ஊர் தெரிந்த முறைதான். கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, வெட்டலாம். சிலுப்பாவிட்டால் தொடக் கூடாது. இதை நினைத்துத்தான் எல்லோரும் பயந்தார்கள். ஆடு சிலுப்பும், சிலுப்பாமலும் போகும். நாய் மேல் தண்ணீர் ஊற்றி உதறாத நாயை எவர் பார்த்திருக்கிறார்? ஸ்வீட்லின் சீருடையோடு வந்து நின்றாள். வெட்டினால் அத்தனை பேரையும் ஜீப்பில் ஏற்றுவேன், சாமியாடியையும் சேர்த்துத்தான் என்று அறிவித்திருந்தாள். ஆனாலும் ஒரு பெரிய துவாலையைக் கையில் தயாராக வைத்திருந்தாள், உதறுவதற்குள் பாய்ந்து துடைத்துவிடலாம் என்று.

சாமியாடி ஆவுடைநாயகம் மற்ற நாட்களில் மினிபஸ் ஓட்டுகிறவர். அன்று கண் சிவந்து, சாமி இறங்கி, மஞ்சள் பானையைத் தூக்கினார். முத்துராணி கும்பிட்ட கையோடு நின்றாள். ஒரு மாதமாக, எப்படியாவது சிலுப்பிவிட வேண்டும், நேர்ச்சை தீர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தாள். பானை சரிந்த அந்த நொடியில், நாய் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. உள்ளே கிடா பைய ஒரு விக்கல் விட்டது. அவ்வளவுதான், அவள் மனசு உடைந்துவிட்டது. மகளும் வேண்டும், இதுவும் வேண்டும், எனக்கு ரெண்டும் வேணும் சாமி என்று கூச்சமில்லாமல் சத்தம் போட்டு அழுதாள்.

தண்ணீர் முழுவதும் நாயின் மேல் விழுந்தது. முதுகில் ஓடியது, காதில் சொட்டியது, வாலில் வழிந்தது. நாய் ஒரு மயிரைக்கூட அசைக்கவில்லை. மேளக்காரர்கள் அடிக்க மறந்து நின்றார்கள். இன்னொரு பானையும் ஊற்றிப் பார்த்தார்கள். கல்லில் செய்து வைத்ததுபோல நின்றது.

ஆவுடைநாயகத்தின் வாயிலிருந்து சாமி பேசியது. "இன்னும் நேரம் வரலை. அடுத்த கொடைக்குக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் இது என் பொருள், உன் காவல். உன் பிள்ளை என் காவல்."

முத்துராணி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். பேச்சிராஜ் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மஞ்சள் தண்ணி கண்ணுல தெறிச்சிட்டு என்றான். நாய் பைய நடந்து கோயில் எல்லைக் கல்லைத் தாண்டியது. தாண்டியதும் நின்று, மூக்கிலிருந்து வால் வரைக்கும் உடம்பை ஓர் உதறு உதறியது. ஸ்வீட்லினின் சீருடை முழுக்க மஞ்சளாகிவிட்டது.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் இதுதான் நடக்கிறது. தண்ணீர் ஊற்றுகிறார்கள், நாய் நிற்கிறது, சாமி தவணை கொடுக்கிறது, கல்லைத் தாண்டியதும் உதறுகிறது. ஸ்வீட்லினுக்கு இரண்டு முறை இடமாற்றம் வந்துபோனது. எங்கே இருந்தாலும் கொடைக்கு வந்துவிடுகிறாள், பழைய சேலையில். சுகன்யா மேலப்பாளையத்தில் ஒரு கிளினிக்கில் நர்சாக இருக்கிறாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் பிள்ளையும் ஆயிற்று. இந்த வருடம் பானையைத் தூக்கி ஊற்றியது அவள்தான். நாய்க்கு முகவாய் நரைத்துவிட்டது, கிடாவின் கரகரப்பும் கூடிவிட்டது. ஊற்றிவிட்டு அம்மாவின் பக்கத்தில் வந்து நின்று, சிலுப்பிராத, சிலுப்பிராத என்று அவளும் வாய்க்குள் முணுமுணுத்ததை முத்துராணி கேட்டாள், கேட்காததுபோல இருந்துகொண்டாள். நாய் நின்றது. அடுத்த கொடைக்கு என்று சாமி சொன்னதும் முத்துராணி பேத்தியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, பந்தியில் இடம் பிடிக்கப் போனாள்.