ரேடியோவுக்கு ஒரு கூரை

பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேண்டுமென்று சுருளியாண்டி வாத்தியார் வருஷந்தவறாமல் மனுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவழியாக மேலிடம் மனமிரங்கி ஒரு ரேடியோ அனுப்பியது.

ஓடைப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரக் கிராமத்தில் ஜில்லா போர்டு நடத்திய பள்ளி அது. ஓலைக் கொட்டகை, அவர் ஒருவரே வாத்தியார். ஆடி பிறந்தால் மலை இடுக்கு வழியாக வரும் காற்று முதலில் தேடுவது அந்தக் கொட்டகையின் ஓலையைத்தான். ஓலை போன வழியே சாரல் வரும். சாரல் வந்தால் பிள்ளைகள் வராது. பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவோம் என்று போர்டு ஆபீசிலிருந்து கடிதமே வந்துவிட்டது. மூடுவதற்குச் செலவில்லை என்பதால் அந்த யோசனையை அங்கே யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அந்த ஆடியிலும் மொக்கம்மாள் வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இவளுக்கு எழுத்து வந்துச்சோ இல்லையோ, இருமல் வந்திருச்சு வாத்தியாரே. ஆடி போகட்டும், அனுப்புறேன்."

"ஆடி போனா ஐப்பசி மழை வருமே தாயி."

"அப்ப தையில பாப்போம்."

யுத்த காலம். கூரைக்குப் பணமில்லை என்று போர்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. ஆனால் கல்வியை நவீனமாக்கப் பணமிருந்தது. காலங்காலமாக எல்லா வீட்டுக்கும் இருக்கிற கூரையில் நவீனம் என்ன இருக்கிறது?

ரேடியோவோடு அச்சடித்த விதிகளும் வந்தன. பெட்டியின் மேல் ஈரம் படக்கூடாது, தூசி படக்கூடாது, காற்று படக்கூடாது. ஓட்டுக் கூரையும் சிமென்ட் தரையும் நல்ல கதவும் உள்ள அறையில்தான் வைக்க வேண்டும். பிள்ளைகளைப் பற்றி அப்படியொரு விதி எங்கும் இல்லாததால்தான் இத்தனை காலமும் போர்டு கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது போலும். ஓலைக்கு வழியில்லாத அதே போர்டு ஒரு மாதத்துக்குள் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓட்டு அறை கட்டிக் கொடுத்தது. ரேடியோவுக்குச் சளி பிடித்தால் யார் பதில் சொல்வது?

சுருளியாண்டி விதிகளைக் கவனமாகப் படித்தார். ஒலிபரப்புத் தொடங்கும் முன்பே பிள்ளைகள் பெட்டியின் முன்னால் அமைதியாக உட்கார்ந்து காத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி சொன்னது. எவ்வளவு முன்பு என்று சொல்லவில்லை. பள்ளிக்கான ஒலிபரப்பு வெள்ளிக்கிழமை மத்தியானம். அவர் பிள்ளைகளைத் திங்கட்கிழமை காலையிலேயே உள்ளே உட்கார வைத்தார்.

சீக்கிரமே பாட்டரி தீர்ந்தது. சார்ஜ் ஏற்றத் தேனிக்கு அனுப்ப வேண்டும். அவர் அனுப்பவில்லை. ரேடியோ பேசாத வரைக்கும் காத்திருக்கலாம். காத்திருக்கும் நேரத்தில் வாய்ப்பாடு சொல்லலாம், கணக்குப் போடலாம். மொக்கம்மாளின் மகளும் இருமல் நின்று வந்து சேர்ந்தாள்.

டிப்டி இன்ஸ்பெக்டர் பள்ளியைப் பார்வையிட வந்தார்.

"ரேடியோ ஏன் பேசவில்லை?"

"பாட்டரி இல்லைங்கய்யா."

"பிறகு இந்தப் பிள்ளைகள் இங்கே என்ன செய்கிறார்கள்?"

"ஒலிபரப்புக்குக் காத்திருக்குதுங்கய்யா."

இன்ஸ்பெக்டர் பெட்டியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். ரேடியோ வந்தபின் வருகை வெகுவாக உயர்ந்துள்ளது, மற்ற பள்ளிகளும் இதைப் பின்பற்றலாம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்.

வினை அங்கே பிடித்தது. அந்த இன்ஸ்பெக்டர்தான் வட்டார ஆசிரியர் சங்கத்துக்கும் தலைவர். ஆசிரியர்களின் குறைகளை யாரிடம் முறையிட வேண்டுமோ அவரே சங்கத் தலைவராகவும் இருந்ததால் முறையீட்டுக்கு அலைச்சலே கிடையாது. கூட்டத்துக்கு வராதவருக்கு மெமோ வரும். சம்பள உயர்வு கேட்ட தீர்மானங்கள் எல்லாம் சர்க்காருக்கு நன்றி சொல்லி முடியும். இந்த முறை கூட்டத்தில் அவர் சுருளியாண்டியின் ரேடியோவைப் புகழ்ந்தார், பாட்டரி இல்லாததற்கு வருந்தினார். சங்கக் காரியதரிசி வைகுண்டராஜ் துடிப்பான இளைஞர். பாட்டரிக்குச் சங்கமே ஏற்பாடு செய்யும் என்று உடனே எழுந்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் அவர் சார்ஜ் ஏற்றிய பாட்டரியை மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். அதற்கு மாலை போட்டிருந்தது.

"அண்ணே, சங்கம் ஜெயிச்சிருச்சு."

"சம்பளம் கூட்டிட்டாகளா?"

"அது பரிசீலனையில இருக்கு. இது உங்க பாட்டரி. வாத்தியார்மார் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டாக. தலைவரும் உடனே சரின்னுட்டாக."

"நம்ம காசுதானே, சரின்னு சொல்ல அவருக்கு என்ன வலிக்கும்? தம்பி, நான் இதைக் கேக்கவே இல்லையே."

"கேக்காமலே செய்யறதுதாண்ணே சங்கம்."

சுருளியாண்டி அவரைத் தனியே கூட்டிப்போனார். "இது வாயைத் தொறந்தா ஊரே வந்து உக்காந்துக்கும், என் பிள்ளைக அம்புட்டும் வெளிய போயிரும். கொண்டு போயிரு."

வைகுண்டராஜின் முகம் வாடிவிட்டது. "சங்கம் கேட்டு இதுவரைக்கும் ஒண்ணுமே வந்ததில்லைண்ணே. மொத மொத இதுதான். வேண்டாம்னு திருப்பிவிட்டா, நாளைக்கு நான் எந்த மொகத்தோட சம்பளம் கேப்பேன்?"

சுருளியாண்டி பாட்டரியை மாட்டு என்று கையைக் காட்டினார்.

ரேடியோ யுத்தச் செய்தி சொன்னது. தெருவில் போய்க்கொண்டிருந்த பஞ்சாயத்துத் தலைவர் கோட்டைச்சாமி நின்றார், உள்ளே வந்தார், உட்கார்ந்தார். மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் காலையிலேயே வந்து இடம் பிடித்தார்கள்.

"பிள்ளைக சத்தத்துல ஒரு சேதியும் காதுல விழுக மாட்டேங்குது வாத்தியாரே," என்றார் கோட்டைச்சாமி. "கொஞ்ச நாளைக்குப் பழைய கொட்டகையிலயே வச்சுப் பாத்துக்கங்க."

"எம்புட்டு நாளைக்குங்க?"

"யுத்தம் முடியட்டுமே."

பிள்ளைகள் ஓலைக்குக் கீழே வந்தன. சாரலும் வந்தது. அந்த வாரமே வருகை பாதியாக இறங்கியது. வைகுண்டராஜ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"கூரை வேணும்னு சங்கத்துல தீர்மானம் போட்டுருவோம்ணே."

"கூரைன்னு எழுதுனா யாரு படிப்பா? பாடத்தைச் சினிமாப் படமாக் காட்டுற மிஷின் வேணும்னு எழுது."

"இங்கன கரண்டே இல்லையேண்ணே."

"அதனாலதான் கேக்கச் சொல்றேன். இருட்டா, ஒழுகாத பெரிய ஹால் இல்லாம அந்த மிஷினை வைக்க முடியாது. அம்புட்டுப் பிள்ளைகளும் உக்காரணும்னு மறக்காமப் போடு."

"மிஷின் வந்தப்புறம் கரண்டும் வந்துட்டா?"

"வரும். சங்கத்துல நீங்க சும்மா இருந்தா அது வர நாளாகும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கிராமத்து ஆசிரியரிடம் இத்தனை நவீன சிந்தனையா என்று தலைவர் வியந்து, ஹாலுக்கு வேண்டிய நீள அகலத்தை உடனே அனுப்பச் சொன்னார். சுருளியாண்டி, வந்திருந்த பிள்ளைகளைக் கொட்டகையில் கொஞ்சம் தாராளமாகத் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார். வராத பிள்ளைகளுக்கும் இடம் விட்டார். பிறகு சாரலில் நனைந்துகொண்டே கயிறு பிடித்து அளக்க ஆரம்பித்தார்.