முதல் பூச்சு

ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவை மறுபடியும் குலுக்கினாள் மங்கலம். உள்ளே குண்டு உருண்டது. மொட்டை மாடியில் விரித்த செய்தித்தாளின் மேல் பொம்மை ரயில் இன்ஜினின் பாகங்கள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. பிடிக்க வாகாக ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஐஸ் குச்சி ஒட்டியிருந்தது.

"தூரமா வச்சு அடி. கை நிக்கக் கூடாது. நின்னா வழிஞ்சிடும்." கீழே படியடியிலிருந்து கணவர் தட்சிணாமூர்த்தி கத்தினார்.

"தெரியும். நீங்க போயி உக்காருங்க."

மாரடைப்பு வந்து பிழைத்த பிறகு அவர் படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்ப்ரே வாடையும் ஆகாது. மற்ற வேலையை எல்லாம் அவரே செய்து முடித்திருந்தார். சென்னை நண்பர் ஒருவர் பிளாஸ்டிக் மாதிரி இறுகும் ரெசினில் வார்த்து அனுப்பிய பாகங்கள் அவை. எண்ணெய்ப் பிசுக்குப் போக சோப்புத் தண்ணீரில் கழுவினார். ஓரத்துப் பிசிறுகளை பிளேடால் சீவினார். தூசி பறக்காமல் இருக்க உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்தார். குமிழ் ஓட்டைகளில் பட்டி வைத்து அடைத்தார். அகலப்பாதை போடுவதற்காகக் கடலூர் - சிதம்பரம் பழைய மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்த வருஷம் அது. அதில் ஓடிய இன்ஜின் ஒன்று தன் மேசையில் நிற்கவேண்டும் என்று அவருக்கு ஆசை.

மங்கலம் அடித்தாள். வெள்ளை மறைந்து சாம்பல் நிறம் படிந்தது. பாய்லரைத் திருப்பினவள் நின்றுவிட்டாள். வழவழவென்று இருந்த இடத்தில் ஊசி குத்தியது போலப் பொடிப்பொடியாக ஓட்டைகள். பக்கத்திலேயே நீளமாக ஒரு கீறல்.

"என்னங்க, ஓட்டை ஓட்டையா தெரியுது."

"எங்க? பாய்லர்லயா? கீழ எடுத்துட்டு வா."

"ஈரமா இருக்கு. கை பட்டுடும். நீங்களே வந்து பாத்துடுங்களேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "வேணாம், வேணாம், இருங்க" என்று படிப்பக்கம் ஓடினாள். அவர் அதற்குள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதிக்கு மேல் ஏறி வந்துவிட்டார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

பாய்லரைக் குச்சியோடு வாங்கி வெயிலில் காட்டிப் பார்த்தார். "இதுக்குத்தான் முதல்ல பிரைமர் அடிக்கிறது. கலர் அடிச்சப்புறம் தெரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. மறுபடி பட்டி வச்சுக்கலாம்."

கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். கொஞ்சம் தண்ணீர் கேட்டார். அவள் சொம்போடு திரும்பி வந்தபோது தரையில் சரிந்து கிடந்தார்.

மறுநாள் கடலூர் செம்மண்டலத்தில் அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அதையே கேட்டார்கள். "படி ஏறக் கூடாதுன்னாங்களே, எதுக்கு ஏறுனாரு?"

மங்கலம் வாயைத் திறப்பதற்கு முன் மகள் மதுரா சொன்னாள். "அப்பாதான் யார் சொன்னாலும் கேக்க மாட்டாரே. அம்மா வேணாம் வேணாம்னாங்களாம். கேக்காம ஏறிட்டாரு."

அதுவும் பொய்யில்லை. பந்தலைத் தாண்டித் தெருமுனைக்குப் போவதற்குள் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. "பிடிவாதக்காரரு. பொம்மைக்காக உயிர விட்டுட்டாரு" என்று யாரோ சொன்னது உள்வரை கேட்டது. பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் அவள் முதுகைத் தடவி, "உன் பேச்சக் கேட்டிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாரு" என்றாள். அந்தக் கையைத் தள்ளிவிட வேண்டும் போலிருந்தது மங்கலத்துக்கு.

எடுக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிதம்பரத்திலிருந்து அவருடைய தம்பி நடராஜ் வந்து சேர்ந்தான். வாசலிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். அண்ணனின் கால்மாட்டில் உட்கார்ந்து குலுங்கினான்.

"ஏண்ணே, சொன்னா கேக்க மாட்டியா? அண்ணி அவ்ளோ சொல்லியும் ஏறியிருக்கியே. சின்னப் புள்ளையா நீ?"

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி," என்றாள் மங்கலம். "நான்தான் கூப்ட்டேன்."

மதுரா நிமிர்ந்து பார்த்தாள். ரத்தினம்மாளின் கை முதுகில் அப்படியே நின்றது.

"வந்து பாருங்கன்னு நான்தான் சொன்னேன். அதான் வந்தாரு."

நடராஜ் அவளைப் பார்க்கவில்லை. வெளியே மூங்கிலைக் கட்டிக்கொண்டிருந்தவர்களின் பேச்சு கேட்டது. அண்ணனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி தளர்ந்து போயிருந்தது. குனிந்து அதை இறுக்கப் பார்த்தான். முடிச்சு நிற்கவில்லை. இரண்டாவது தடவையும் நழுவியது.

மங்கலம் நகர்ந்து வந்து துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.