நகரியில் பொரித்த சீஸ்

வடமாலைப்பேட்டை டோல்கேட்டில் ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை. கையில் கருவியோடு காருக்குள் தலையை விட்ட ஊழியர், விட்ட வேகத்திலேயே வெளியே எடுத்தார்.

"கருவாடா சார்? சூளூர்பேட்டை சரக்கா?"

"பிரான்ஸ் சரக்கு," என்றாள் பின்சீட்டிலிருந்து அகிலா.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டையைத் தூக்கிவிட்டார். பணம்கூடக் கேட்கவில்லை.

ஓட்டிக்கொண்டிருந்த மோகன்ராஜுக்கு மட்டும் எந்த வாசனையும் தெரியவில்லை. இரண்டு வருடம் முன்பு அவன் மனைவி ரோஹிணி ஒன்பது நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அன்றிலிருந்து அவன் மூக்கும் நாக்கும் சேர்ந்து வேலையை விட்டுவிட்டன. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ரேணிகுண்டா தொழிற்சாலை கேண்டீனில் போட்டதைச் சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரிக்குப் போய் மாமியார் போட்டதைச் சாப்பிட்டான். இரண்டையும் நன்றாக இருக்கிறது என்றான்.

பக்கத்து சீட்டில், மடியில் அட்டைப்பெட்டியைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் ஜூலியன். துணிச் சாயம் பற்றிப் படிக்க லியோனுக்குப் போன ரோஹிணியின் தங்கை அகிலா, படிப்போடு பிடித்துக்கொண்டு வந்த ஆள். பெட்டிக்குள் அவன் அம்மா கொடுத்தனுப்பிய சீஸ் ஒரு கட்டி, மாமா தோட்டத்து ஒயின் இரண்டு பாட்டில்.

இந்தப் பெட்டியில்தான் கல்யாணம் இருந்தது. அகிலாவின் அப்பா கோவர்த்தனன், நகரியில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறவர், போனிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"மதம் வேற, பாஷ வேற, அதெல்லாம் போவட்டும். நாளைக்கு எம் பொண்ணு அங்க இன்னா துன்னும்? காஞ்ச ரொட்டிய துன்னுகினு குளுர்ல கெடக்கணுமா? அவங்க சாப்பாடு நம்ம சாப்பாட்டுக்குச் சமமா நிக்கட்டும். நானே தாலி எடுத்துத் தரேன். நிக்கலன்னா திங்கக்கெழம பிளேனு."

"யாரு நைனா தீர்ப்பு சொல்றது? நீயா?"

"நான் சொன்னா ஓரவஞ்சனம்பே. மோகன் மாப்ள சொல்லட்டும். நாக்குல பொய்யே வராது அவருக்கு."

நைனா சரியென்று சொல்லாமல் கல்யாணம் கிடையாது என்பதில் அகிலாவும் பிடிவாதம். ஆக, நாக்கே இல்லாத ஒருவன் நீதிபதியாகி, சாட்சியை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிப் போய்க்கொண்டிருந்தான்.

ஞாயிறு காலை. நகரி வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஓர் அலறல். அது பிரெஞ்சில் இருந்தது.

மோகன்ராஜ் மேலே ஓடினான். தை மாத வெயிலில் ஒரு வெள்ளை வேட்டி விரித்திருந்தது. வேட்டியில் ஒரு பக்கம் மோர்மிளகாய், ஒரு பக்கம் சுண்டைக்காய் வற்றல். நடுவில், மஞ்சள் பூசிக் குளித்த துண்டுகளாய், வரிசை வரிசையாய், ஜூலியனின் சீஸ்.

மாமியார் கிருஷ்ணம்மா காக்கா ஓட்டும் குச்சியோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"பாவம்பா மாப்ள, அந்தப் புள்ளைய ஊர்ல எவனோ நல்லா ஏமாத்திட்டுக்கிறான். பெட்டியத் தொறந்தா எல்லாம் பூஞ்சை. உள்ள வரைக்கும் நீலம். வந்த எடத்துல அசிங்கப்படுத்தக் கூடாதுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல நானு. சுரண்டி எறிஞ்சிட்டு, மஞ்சத்தண்ணில ரெண்டு தரம் அலசி, உப்புப் பெரட்டிக் காய வெச்சிக்கிறேன். காப்பாத்திட்டேன்."

அகிலா அதை மொழிபெயர்த்தாள். பாதியில் சிரிப்பு வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூலியன் சுண்டைக்காய் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்த நீலத்துக்காகத்தான் அதை ஒன்பது மாதம் குகையில் வைத்திருந்தார்கள் என்று ஆங்கிலத்தில் மோகன்ராஜிடம் சொன்னான். குரல் சாவு வீட்டுக் குரல். பிறகு ஒரு துண்டை எடுத்து முகர்ந்தான். மஞ்சள் வாசனை. அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து கிருஷ்ணம்மா ஓடிவந்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எங்கம்மாவுக்கு இது தெரியவே கூடாது," என்றான்.

பந்தி பன்னிரண்டரைக்கு. கேழ்வரகுக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு, நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு, ரசம். பிரான்ஸ் தரப்பில் ஒயின் மட்டும், எவர்சில்வர் டம்ளரில். சீஸ் துண்டுகளைக் கிருஷ்ணம்மா உள்ளே கொண்டு போயிருந்தாள். வெயில் போதாததால் வேறு ஏற்பாடு என்றாள்.

கோவர்த்தனன் ஒரு மிடறு குடித்துவிட்டு விட்டத்தைப் பார்த்தார்.

"புளிக்குது."

"அது நல்ல புளிப்பு நைனா."

"கள்ளும் புளிக்கும். அது மத்தியானத்துக்குள்ள புளிக்கும். இது எத்தினி வருசம்?"

"ஏழு."

"ஏழு வருசமா புளிச்சும் இவ்ளோதானா!" என்றவர், ஆனாலும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

ஜூலியன் களியில் ஓர் உருண்டை எடுத்து வாயில் போட்டான். போட்டு மென்றான்.

"ஐயோ, களிய மெல்றான்டி!" கோவர்த்தனன் இலையை விட்டே எழுந்துவிட்டார். "முழுங்கச் சொல்லுடி! களி பல்லுல பட்டா தொண்டைக்குள்ள எறங்காது!"

அகிலா சொன்னாள். மோகன்ராஜ் நடித்துக் காட்டினான். ஜூலியன் அடுத்த உருண்டையைக் கோழிக்குழம்பில் புரட்டி, கண்ணை மூடி, மாத்திரை மாதிரி விழுங்கினான். நெற்றியில் முத்து முத்தாய் வேர்த்தது. மூக்கு சிவந்தது. டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் காலி செய்தான். அப்புறம் கேட்காமலேயே மூன்றாவது உருண்டை.

"தேவலாமே," என்றார் கோவர்த்தனன். உடனே அது பாராட்டாகிவிடுமோ என்று பயந்து கேள்வியை மாற்றினார். "கேளு அவன. ஒலகத்துல யார் சாப்பாடு ஒசத்தி?"

ஜூலியன் யோசிக்கவே இல்லை. இத்தாலிக்காரர்களுக்கு ஒரே மாவு, அதையே முப்பது வடிவத்தில் அறுத்து முப்பது பெயர் வைப்பார்கள். ஸ்பெயின் ஒயினில் பீப்பாய்தான் வாசம் அடிக்கும், திராட்சையைத் தேட வேண்டும். ஜெர்மன்காரர்கள் சீஸ் என்று சோப்பு விற்கிறார்கள். இங்கிலாந்தைப் பற்றிச் சாப்பிடும்போது பேச வேண்டாம்.

"அப்ப பிரான்ஸ் முழுக்க ஒசத்தியா?"

அதெப்படி? போர்தோ வட்டாரத்துக்காரர்கள் விலையைத்தான் குடிப்பார்கள், ஒயினை அல்ல. அவன் ஊரில்கூட, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிராமத்து ஒயினில் முகம்கூடக் கழுவ மாட்டார்கள்.

"எவ்ளோ தூரம் அந்த ஊரு?"

"மூணு கிலோமீட்டராம் நைனா."

கோவர்த்தனன் தொடையில் பலமாகத் தட்டினார். "நம்ம புத்தூர் மாதிரி! சொல்லுடி அவன்கிட்ட. புத்தூர்க்காரன் ரசம் வெச்சா அதுல அவனே கைதான் கழுவுவான். திருத்தணிக்காரனுக்குக் குழம்புன்னா தண்ணி. வேலூர்க்காரன் பிரியாணில கறி எங்கன்னு போலீஸ்ல கம்ப்ளைண்ட் குடுக்கணும்."

அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் "புத்தூர்" என்று மூக்கைச் சுளிப்பார். அவன் ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தின் பெயரைச் சொல்லி மூக்கைச் சுளிப்பான். இருவரும் டம்ளரை இடித்துக்கொள்வார்கள். இரண்டாவது பாட்டில் திறந்தது. கோவர்த்தனனின் வேட்டி முடிச்சு தளர்ந்தது. ஜூலியன் அவர் தோளில் கை போட்டான். அவர் எடுக்கச் சொல்லவில்லை.

அகிலா மெல்லக் கேட்டாள். "அப்ப சரிதானே நைனா?"

"சிரிப்பு வேற, தீர்ப்பு வேற." கோவர்த்தனன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒயினு மட்டும் வெச்சிக்கினு சமம்னு சொல்ல முடியுமா? அவன் சாப்பாடு எங்க?"

"இதோ," என்று வந்தாள் கிருஷ்ணம்மா.

தட்டில் பஜ்ஜி. மிளகாய்த்தூள் பிரட்டி, கடலைமாவில் முக்கிப் பொரித்த பிரெஞ்சு சீஸ். வெளியே மொறுமொறு. பிட்டால் உள்ளே மஞ்சளாக இழுத்துக்கொண்டு வந்தது. ஜூலியன் ஒன்றைக் கடித்தான். கண் விரிந்தது. இன்னொன்றைக் கடித்தான். ஒன்பது மாதக் குகையை அவன் மறந்துவிட்டதுபோல் இருந்தது.

"மாப்ள, நீ துன்னுட்டுச் சொல்லு," என்றார் கோவர்த்தனன். "ரெண்டுல எது மேல?"

அகிலா பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றி ரோஹிணியின் நெற்றி. சமம் என்று சொல்லிவிடலாம். வழக்கம்போல எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் போதும். ஆனால் நாக்கில் பொய் வராதவன் என்று பெயர் வாங்கியாயிற்று.

"மாமா, எனக்கு ருசி தெரியாது," என்றான். "ரெண்டு வருசமாச்சு. ரோஹிணி போனதுல இருந்து."

கிருஷ்ணம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

கோவர்த்தனன் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப எதுக்குய்யா ஜட்ஜா ஒக்காந்த?"

"நீங்கதான உக்கார வெச்சீங்க."

விக்கலும் சிரிப்புமாக ஒரு சத்தம் அகிலாவிடமிருந்து வந்தது. இன்னது என்று புரியாமல் ஜூலியனும் சிரித்தான். கோவர்த்தனன் வாயைப் பொத்திப் பார்த்தார், நிற்கவில்லை. நாக்கில்லாத ஜட்ஜு, என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மோகன்ராஜுக்கும் உதடு கோணியது. அதை மறைக்க ஒரு பஜ்ஜியை எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். மெல்லுவதை நிறுத்தினான். தண்ணீர்ச் செம்புக்குக் கை நீட்டினான்.

"உப்பு," என்றான்.

"இன்னாது?"

"உப்பு ஜாஸ்தி அத்த."

கிருஷ்ணம்மா அவனையே பார்த்தாள். இரண்டு வருடத்தில் நூறு ஞாயிற்றுக்கிழமைகள் சமைத்திருப்பாள். அவன் ஒரு குறை சொன்னதில்லை. அவள் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். முகம் சுருங்கியது.

"ஆமாய்யா. உப்புக் கரிக்குது! நான் கொஞ்சந்தானே போட்டேன்?"

"அம்மா," அகிலா தலையில் அடித்துக்கொண்டாள், "அதுல அவங்களே உப்புப் போட்டுத்தான் செஞ்சிருக்காங்க!"

"அவங்க ஒரு தரம், நான் ஒரு தரமா?"

கிருஷ்ணம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அடுப்புப் புகை பட்டவள் மாதிரி. ஹாலில் புகை இல்லை.

கோவர்த்தனன் மருமகனைப் பார்த்தார். அவன் இரண்டாவது செம்பு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"தீர்ப்பு வந்துட்ச்சி. ரெண்டு வூட்டுக்காரங்களும் உப்புல ஒரே அளவுக்குத் தப்புப் பண்ணிக்கிறாங்க. அப்ப சமந்தான்." ஜூலியன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "டேய், அடுத்த தரம் வரப்போ அந்த ஓடக்கரைக்காரன் ஒயினும் ஒண்ணு எடுத்துகினு வா. எவ்ளோ மோசம்னு பாக்கணும்."

அகிலா அதை மொழிபெயர்க்கவில்லை. நேராகப் போய் நைனாவைக் கட்டிக்கொண்டாள்.

மோகன்ராஜ் இன்னொரு பஜ்ஜி எடுத்தான். அதிலும் உப்பு ஜாஸ்தி. அதையும் சொன்னான். கிருஷ்ணம்மா அவன் இலையில் இன்னும் நாலு வைத்தாள்.