தொங்கும் நகரத்தின் படிக்கட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் கட்டடக் கலைஞர் ஜெபதாஸ் ஒரு நகரத்தையே வரைந்து வைத்திருந்தார். வயல் வயலாகவே கிடக்கும். நடுவே ஆயிரம் கான்கிரீட் தூண்கள். ஒவ்வொரு தூணிலும் பலாமரத்தில் சக்கை காய்த்ததுபோலப் பன்னிரண்டு வீடுகள். கட்ட முடிந்தது ஒரே தூண்தான், அஞ்சுகிராமத்துக்கு வெளியே. குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போய்விட்டார்கள். எண்பத்தாறு வயதில் உச்சி வீட்டில் அவர் மட்டும் மிச்சம். முழங்கால் போனபிறகு இரண்டு வருடமாக அவர் தரையை மிதிக்கவில்லை. மகன் செல்வதாஸ்தான் தினமும் சாப்பாடு கொண்டு ஏறுவான்.

அந்தப் படிக்கட்டைக் கண்டாலே செல்வதாஸுக்கு ஆகாது. தூணுக்குள் சுருண்டு ஏறும், ஒரு ஆள் மட்டுமே போகக்கூடிய படி. மூன்று வருடத்துக்கு முன் அம்மா சத்தியபாய்க்கு நெஞ்சுவலி வந்தபோது ஸ்ட்ரெச்சர் அதில் திரும்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இறக்கினார்கள். பாதி வழியில் அவள் தலை செல்வதாஸின் தோளில் சரிந்தது. அடக்கத்துக்கு வந்தவர்களிடம் ஜெபதாஸ் சொன்னார்: "படியில ஒரு குத்தமும் இல்ல. ஸ்ட்ரெச்சர் செஞ்சவனுக்குத்தான் அளவு தெரியல்ல."

போன மாதம் சென்னையிலிருந்து அஞ்சு என்ற ஆராய்ச்சியாளர் வந்தாள். அந்தக் காலத்துக் கட்டடக் கனவுகளைப் பற்றி நாகர்கோவிலில் கண்காட்சி வைக்கிறாளாம். ஜெபதாஸ்தான் திறந்துவைக்க வேண்டுமாம். வரைபடங்களைப் பார்த்து முடித்தவள், "இப்ப திரும்பக் கட்டினா எதை மாத்துவீங்க சார்?" என்று கேட்டாள்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த செல்வதாஸின் கை நின்றது.

"ஒரு இஞ்சுகூட மாத்த மாட்டேன்" என்று சிரித்தார் ஜெபதாஸ்.

அவரை எப்படி இறக்குவது என்று அஞ்சு கவலைப்பட்டாள். "நாலு ஆளு வச்சு எறக்கிருவேன்" என்றான் செல்வதாஸ். ஆனால் யாரிடமும் அவன் சொல்லி வைக்கவில்லை.

திறப்பு நாளன்று காலையில் செல்வதாஸுக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"மக்கா, சட்டை போட்டு உக்காந்திருக்கேன். ஆளுவ எங்க?"

"வரமாட்டாவ. நான் யாருட்டயும் சொல்லல்ல."

போனை அணைத்தான்.

பதினொரு மணிக்கு தூணுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் கிருஷ்ணமணி செல்வதாஸின் வீட்டுக்கே ஓடி வந்தான். தூணுக்குள் யாரோ அலறுவது கடைவரைக்கும் கேட்கிறதாம். இருவரும் போய்ப் பார்த்தார்கள். ஜெபதாஸ் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து பாதி தூரம் இறங்கியிருந்தார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. இஸ்திரி போட்ட வேட்டி நனைந்திருந்தது.

"ரெம்ப இடுக்குடே இது" என்று அழுதார். "உனக்க அம்மைய நெனச்சேன் மக்கா."

மூன்று வருடமாகச் செல்வதாஸ் கேட்கக் காத்திருந்த பேச்சு. கேட்டால் மனம் இளகும் என்று நினைத்திருந்தான். இளகவில்லை. அப்பாவின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான். காலைப் பிடித்த கிருஷ்ணமணி கீழ்ப்படியை நோக்கித் திரும்பினான்.

"கீழ இல்ல, மேல."

"அண்ணே, வெளிய ஆட்டோ நிக்குது. இப்ப போனாலும் கண்காட்சிக்கு எத்திரலாம்."

"மேல தூக்குடே."

ஜெபதாஸ் மகனின் சட்டையை இறுகப் பிடித்திருந்தார். உச்சி வீட்டில் அவரைக் கிடத்தி, வேட்டி மாற்றி, விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து பிரித்துவிட்டுச் செல்வதாஸ் இறங்கினான்.

அதன்பிறகு அவன் ஏறவே இல்லை. சாப்பாட்டைக் கிருஷ்ணமணிதான் கொண்டுபோகிறான்.