கசியும் வாய்க்கால்

கான்கிரீட் லாரி கரையில் வந்து நின்றபோது, வறண்ட வாய்க்காலின் நடுவே அவள் தம்பி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

லாரியை வரவழைத்ததே அவள்தான். மண் வாய்க்கால் வழியெல்லாம் ஒழுகுகிறது, கான்கிரீட் போட்டால்தான் தண்ணீர் மிஞ்சும் என்று பாசன சங்கத்தில் வருடம் முழுக்க மல்லுக்கட்டி ஜெயித்தவள். அவளுடைய எலுமிச்சைத் தோட்டத்தில் கிணற்று நீர் குழாய் வழியே வேருக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். தம்பியோ வாய்க்காலை அப்படியே தீவனப்புல் வயலுக்குத் திறந்துவிடுகிற ஆள். உடைந்த மடை வழியாக மிச்சம் ரோட்டுக்கு ஓடும். ரோட்டிலும் புல் வளர்க்கிறாயா என்று அவள் கேட்காத வாரமில்லை. கரை மரத்துக்கும் தவளைக்கும் பங்கு வேண்டாமா என்பான் அவன். அவள் சிரிப்பாள்.

"எந்திரிடா. மானம் போகுது."

"என் மேலயே கொட்டச் சொல்லுக்கா. சிலையா இருந்துட்டுப் போறேன்."

கலவை இறுகிவிடும் என்று சூப்பர்வைசர் பதறினார். அதே நேரம் அவள் போன் அலறியது. தோட்டத்திலிருந்து புருஷன். மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கிறதாம்.

ஓடினாள். மிளகு அளவில் பிஞ்சு பிடித்திருக்கிற நேரம். இப்போது வேர் காய்ந்தால் அத்தனையும் உதிரும். ஒரு வருட உழைப்பு தரையில் கிடக்கும்.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். எந்தக் கோடையிலும் நிற்காத ஊற்றுக்கண் வறண்டு கிடந்தது. அதைச் சுற்றிப் பாசி மட்டும் இன்னும் பச்சையாக இருந்தது.

ஊற்றுக்கண் இருந்த திசையில் நிமிர்ந்தாள். மரங்களுக்கு அப்பால், நேர்கோட்டில், லாரியின் வயிறு சுழன்றுகொண்டிருந்தது.

வேலைக்காகப் போன வாரம்தான் வாய்க்காலை அடைத்தார்கள். ஒழுகுகிறது ஒழுகுகிறது என்று கத்தினாளே, ஒழுகியது எங்கே போகிறது என்று ஒரு நாளாவது யோசித்தாளா?

திரும்பி ஓடினாள். செருப்பு ஒன்று வழியிலேயே போயிற்று. அங்கே இரண்டு ஆட்கள் தம்பியை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கலவை வழிந்திறங்கும் லாரியின் சரிவுத்தகடு கீழே இறங்கிவிட்டது. அவள் வாய்க்காலுக்குள் குதித்து, தகட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.

"நிறுத்துங்க."

"என்னக்கா, வெயில் தலைக்கேறிடுச்சா?" என்றான் தம்பி, அவர்கள் கையில் தொங்கியபடியே.

"இங்க ஒழுகுறது என் கிணத்துக்குடா."

அவன் விழித்தான். பிறகு சிரித்த சிரிப்பில் ஆட்கள் அவனைக் கீழே போட்டுவிட்டார்கள். "அப்போ இத்தனை வருஷமா என் வாய்க்கால்ல கள்ளத்தனமா குடிச்சது நீதானா?"

சூப்பர்வைசர் தலையில் கை வைத்தார். கலவையை எங்கேயாவது கொட்டியே ஆகவேண்டும். சங்கத்துக்கு யார் பதில் சொல்வது? கேட்டு வாங்கிய நானே வேண்டாமென்றும் சொல்லிக்கொள்கிறேன் என்றாள் அவள். நாளைக்குச் சங்கத்தில் கிழித்துத் தொங்கவிடுவார்கள். விடட்டும். எழுந்து, தம்பியின் உடைந்த மடையைக் காட்டினாள்.

"அங்க கொட்டுங்க. கதவு வச்சுக் கட்டுங்க."

தம்பியின் சிரிப்பு நின்றது. "அக்கா, அது என் மடை."

"வாய்க்கால் ஒழுகட்டும். நீ ஒழுகாத."

மறுநாள் தண்ணீர் திறந்துவிட்டார்கள். அன்று முழுக்க ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் காலை மூவரும் கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்திருந்தார்கள். புருஷன் வாயைத் திறக்கப்போக, அவள் பொத்தினாள்.

கீழே ஒரு சொட்டு விழுந்தது.

"உன் சொட்டுநீர்ப் பாசனம் ஆரம்பிச்சிருச்சுக்கா," என்றான் தம்பி.

"சும்மா இருடா," என்றாள். அடுத்த சொட்டைக் கேட்கவேண்டியிருந்தது.